தலைவரம்மா என்று கூப்பிட்டால்

பஹ்ரைனில், குதைபியாவில் ஒரு பிளாட்டை நாங்களும் இன்னொரு குடும்பமும் பங்கு போட்டுக்கொண்டு இருக்கிறோம். எங்களுக்கு ஓர் அறை, அவர்களுக்கு ஓர் அறை, சமையலறையும் கூடமும் பொது. நான் யாழ்ப்பாணத்துக்காரி, துறைமுகச் சரக்கை எடுத்துக்கொடுக்கும் ஒரு கிளியரிங் கம்பெனியில் அலுவலக வேலை. என் கணவர் கப்பல் பழுது பார்க்கும் யார்டில் இருக்கிறார், ஷிஃப்ட் மாறி மாறி வரும். மற்ற அறையில் இருப்பவர்கள் ராமநாதபுரம் பக்கத்துக் கணவன் மனைவி. நான் அவர்களை அண்ணை, அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அண்ணை சல்மாபாத்தில் ஒரு தொழிலாளர் கேம்ப்பின் கேம்ப் பாஸ். யாருக்கு எந்தக் கட்டில், தண்ணீர்க் குழாய் உடைந்தால் யாரை வரச்சொல்வது, மெஸ்ஸில் குழம்பு நீர்த்துப்போனால் யாரைக் கேட்பது என்று எல்லாம் அவர் தலையில்தான் விடியும். அக்கா அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்தவர். எங்கள் தெருவிலேயே ஒரு தையல் கடையில் பிளவுஸ் தைக்கிறார். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, ஊரில் தனியாக இருக்கப் பிடிக்காமல் விசா எடுத்து வந்தவர்.

கேம்ப் ஆட்கள் அண்ணையைத் "தலைவரே" என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரில் பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர் என்று எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் நாலைந்து பேர் எங்கள் பிளாட்டுக்கு வந்து தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். வந்ததும் கதவருகே நின்று, "தலைவரம்மா, நல்லாருக்கீகளா?" என்று அக்காவிடம் கேட்பார்கள். அக்கா முகம் மலர்ந்துபோகும். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒவ்வொருவரையும் ஊர் பேர் கேட்டு, வீட்டில் என்ன செய்தி என்று விசாரித்து, தேநீருக்குச் சீனி போதுமா என்பது வரை பார்த்துத்தான் அனுப்புவார். கடைக்கு வரும் தமிழ்ப் பெண்களும் அதே பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். தலைவரம்மா கடையில் கொடுத்தால் கை அளவு சரியாக இருக்கும் என்று குதைபியாவில் ஒரு பேச்சு.

எங்கள் பக்கத்தில் இப்படிச் சொல்லும் வழக்கம் இல்லை. டொக்டரின் மனைவியை நாங்கள் "டொக்டர்ட மிஸிஸ்" என்போம், சேர்மனின் மனைவி "சேர்மன்ட மிஸிஸ்". அதனால் தலைவரம்மா என்றால் தலைவரின் மிஸிஸ் என்று நானாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். இரண்டாவதாக ஓர் அர்த்தம் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

இங்குள்ள தமிழ்ச் சங்கம் வருஷா வருஷம் ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை பொங்கல் விழா நடத்தும். ஒரு கிளப்பின் மண்டபத்தை வாடகைக்கு எடுப்பார்கள். மேடையில் அறிவிப்புச் செய்வது கொஞ்ச காலமாக என் வேலையாகிவிட்டது. உச்சரிப்பு நன்றாக இருக்கிறது என்று தமிழ்நாட்டுக்காரர்கள் சொல்லிச் சொல்லி என்னை ஏற்றிவிட்டார்கள். எனக்கும் அது பிடிக்கும். நல்ல சேலை கட்டிக்கொண்டு மைக்கின் முன்னால் நிற்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது.

அந்த வருஷம் பிரதம விருந்தினராகத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு முன்னாள் அமைச்சர் வருவதாக இருந்தது. சங்கத்துச் செயலாளருக்கு அதில் ஒரே பதற்றம். மாலையில் வேலை முடிந்து என் அலுவலகத்துக்குக் கீழேயே வந்து நின்றார்.

"சிஸ்டர், ஒரு விஷயம். மேடையில மாண்புமிகுன்னு சொல்லிடாதீங்க. அது பதவியில இருக்கிறவங்களுக்கு மட்டும்."

"சரி. அப்ப முன்னாள் அமைச்சர் எண்டு சொல்லட்டே?"

"ஐயோ, முன்னாள் வேண்டாம் சிஸ்டர். அது பத்திரிகைக்காரங்க எழுதுறது. முகத்துக்கு நேரா சொன்னா, இப்ப நீ யாருமில்லைன்னு சொல்ற மாதிரி இருக்கும். மேனாள்னு சொல்லுங்க."

"ரெண்டுக்கும் ஒரே அர்த்தம்தானே?"

"அர்த்தம் ஒண்ணுதான். மரியாதை வேற."

அதோடு விடவில்லை. முதலில் ஒருமுறை மட்டும் மேனாள் அமைச்சர் என்று சொல்ல வேண்டும், பிறகு பேச அழைக்கும்போது வெறும் அமைச்சர் என்றே சொல்லிவிடலாம், யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள், நேரில் பேசும்போது "ஐயா" போதும் என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்தார். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். எங்கள் கம்பெனி முதலாளி ஒரு வயதான பஹ்ரைனி. ஒரு காலத்தில் அரசாங்கத்தில் பெரிய பொறுப்பில் இருந்தாராம். அவரைப் பார்க்க வருகிற அரபிகள் இன்றைக்கும் அந்தப் பதவிக்குரிய மரியாதைச் சொல்லைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். முன்னாள் என்ற பேச்சே அங்கே கிடையாது. ஊருக்கு ஊர் இது இருக்கத்தான் செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போகும்போது செயலாளர் திரும்பி நின்றார். "உங்க பிளாட்ல இருக்கிற கேம்ப் பாஸ் அண்ணன், ஊர்ல பஞ்சாயத்துத் தலைவரா இருந்தவருதானே? அவரையும் மேடையில உட்கார வைப்போம். அம்மாவையும் கூப்பிடுங்க. ஜோடியா இருந்தா நல்லா இருக்கும்."

விழாவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை நான் சமையலறையில் நின்று அறிவிப்பைச் சத்தமாக வாசித்துப் பழகிக்கொண்டிருந்தேன். அக்கா கீழே பலகை போட்டு உட்கார்ந்து ஷேரி மீனைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தார். அமைச்சரின் பகுதி முடிந்தது. அக்கா, "நல்லா இருக்கு தங்கச்சி, கொஞ்சம் மெதுவாப் படி" என்றார். அவருக்கு ஓர் இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று நான் வேண்டுமென்றே குரலை உயர்த்தி அடுத்ததை வாசித்தேன்.

"நம்மோடு பஹ்ரைனில் வாழ்ந்து வரும் மேனாள் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களையும், அவர்தம் துணைவியார் அவர்களையும் மேடைக்கு அன்புடன் அழைக்கிறோம்."

வாசித்துவிட்டு அண்ணையின் பெயரையும் சொன்னேன். அக்கா கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"பேரை மாத்தி எழுதிட்ட தங்கச்சி."

"இல்லையே அக்கா. அண்ணையின்ர பேர் இதுதானே?"

"பேரு சரிதான். தலைவரு இவுக இல்ல, நாந்தான்."

நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"எலெக்‌ஷன்ல ஆம்பளைகளே நின்னுக்கிட்டு இருந்த ஊரு. அந்தத் தடவ லேடீஸுக்குன்னு ஒதுக்கிட்டாக. இவுகதான் என்னைய நிக்கச் சொன்னாக. நின்னேன், செயிச்சேன். அஞ்சு வருசம் நாந்தான் தலைவரு. இவுக சொல்லலையா?"

"நாங்கள் எல்லாரும் அண்ணைதான் எண்டு..." என்று இழுத்தேன்.

"அப்ப இம்புட்டு நாளா என்னைய தலைவரம்மா தலைவரம்மான்னு கூப்பிட்டது?"

"தலைவரின்ர மனுசி எண்டுதான் அக்கா."

அக்கா கையைக் கழுவிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே தெருவில் தண்ணீர்க் கேன் வண்டி நின்றது, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பேச ஆரம்பித்தபோது குரலில் கோபம் இல்லை.

முதல் வருஷம் ஊரில் எல்லாக் காரியத்தையும் அண்ணைதான் பார்த்தாராம். சவூதியிலிருந்து அப்போதுதான் திரும்பி வந்து ஊரில் இருந்தார். பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் கூட்டத்துக்கு அவரே போவார், அக்கா வீட்டில் கையெழுத்து மட்டும் போட்டுக்கொடுப்பார். அவரைத்தான் தலைவர் என்று கூப்பிட்டார்கள். அக்காவைப் பெயர் சொல்லியே கூப்பிட்டார்கள், இல்லையென்றால் "தலைவர் வீட்டம்மா". ஒரு தடவை அண்ணைக்குக் காய்ச்சல். அக்கா தனியாகக் கூட்டத்துக்குப் போனார். வாசலில் ஒரு அலுவலர், "தலைவர் வரலியாம்மா?" என்று கேட்டிருக்கிறார். "நாந்தான்யா தலைவரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

"உக்காந்தேனா, எந்திரிக்க மனசு வரல தங்கச்சி. அதுக்கப்புறம் நானே போக ஆரம்பிச்சுட்டேன். குழாயடில பொம்பளைக சண்டை, தெரு விளக்கு, ரேஷன் கடைக்கு ரோடு, எல்லாம் நானே பேசினேன். யூனியன் ஆபீசரு, பி.டி.ஓ.வே எந்திரிச்சு வாங்க தலைவரம்மான்னு சொன்னாக. அன்னைக்கு வீட்டுக்கு வந்து கோழி அடிச்சுக் குழம்பு வச்சேன்."

அந்தச் சொல்லைத்தான் பஹ்ரைன் விமான நிலையத்தில் வந்திறங்கியதும் கேம்ப் ஆட்கள் வாயிலிருந்து கேட்டிருக்கிறார். அண்ணை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவைத்திருக்கிறார் என்று நினைத்து மனம் நிறைந்துபோயிருக்கிறார். அதனால்தான் அந்த விசாரிப்பு, அந்தச் சீனி, அந்த மலர்ச்சி எல்லாம். அவர் தன் பதவியின் மரியாதைக்குத் தகுந்தபடி நடந்துகொண்டிருந்தார். நாங்கள் அதைத் தலைவரின் மனைவியினுடைய நல்ல குணம் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அண்ணை மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தார். நான் அறைக்குள் போய்விடலாம் என்று எழுந்தேன், அக்கா "இருத்தா, நீயும் கேளு" என்று உட்கார வைத்துவிட்டார்.

"கேம்ப்ல என்ன சொல்லி வச்சிருக்கீக?"

அண்ணைக்கு உடனே விளங்கிவிட்டது. கையில் எடுத்த சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்தார். "நான் தலைவரா இருந்தேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. நாங்க தலைவரா இருந்தப்பன்னுதான் சொன்னேன்."

"நாங்கன்னா எத்தனை பேரு? ஒரு நாற்காலியில ரெண்டு பேரா உக்காந்திருந்தோம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். அண்ணை என் பக்கம் திரும்பிச் சொன்னார், அக்காவை நேரே பார்க்க முடியாததால் என்று நினைக்கிறேன்.

"இங்க வந்த புதுசும்மா. கேம்ப்ல ரெண்டு ரூம்காரங்களுக்குள்ள அடுப்பு யாருக்கு முதல்லன்னு சண்டை. கைகலப்பாகிற மாதிரி இருந்துச்சு. எங்க ஊர்லயும் நாங்க தலைவரா இருந்தப்ப குழாயடில இப்பிடித்தான்னு ஆரம்பிச்சு, இவ செஞ்ச தீர்ப்பைத்தான் சொன்னேன். எல்லாரும் கம்முன்னு கேட்டுக்கிட்டாங்க. மறுநாள்ல இருந்து தலைவரே தலைவரேன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. அந்தப் பேரை வச்சுத்தான் அவ்வளவு பேரையும் கட்டி மேய்க்கிறேன். அப்புறம் எப்பிடிப் போய் நான் இல்ல, என் பொண்டாட்டின்னு சொல்றது? பசங்க சிரிப்பாங்கல்ல."

"என்னையத் தலைவரம்மான்னு கூப்பிட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உன் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமா இருந்த. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

அக்கா எழுந்து அவர் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தார். சண்டை இல்லை என்று நினைத்தேன். ஆனால் அந்த வாரம் முழுக்க அக்கா அவரைத் "தலைவரே" என்றே கூப்பிட்டார். "தலைவரே, காபி ஆறுது." "தலைவரே, குளிக்கப் போறீகளா, நான் துணி அலசவா?" சமையலறைக்குள் நின்று கேட்கும் எனக்கு ஒரு பக்கம் வேடிக்கை, மறுபக்கம் அண்ணையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மனிதர் ஒவ்வொரு "தலைவரே"வுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டிருந்தார்.

நான் செயலாளருக்கு போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். அவர், "ஐயையோ, மேடையில குழப்பம் வேண்டாம் சிஸ்டர். ரெண்டு பேரையுமே விட்டுடுங்க" என்றார். அக்காவிடம் கேட்டேன். "எனக்கு மேடை வேணாம் தங்கச்சி. தப்பா மட்டும் படிக்காத" என்றார். அதனால் அந்தப் பகுதியை அப்படியே எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு அறிவிப்பு வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் மனதுக்குள் எதையோ தவறவிட்ட மாதிரி இருந்தது.

விழாவுக்கு முதல் நாள் அண்ணை வேலையிலிருந்து வந்ததும் நேராக என்னிடம் வந்தார். அக்கா இன்னும் கடையிலிருந்து வரவில்லை.

"எங்க பகுதியை எடுத்துட்டீங்களாம்மா?"

"ஓம் அண்ணை. செயலாளர்தான் எடுக்கச் சொன்னவர்."

"திரும்பச் சேருங்க. மேனாள் ஊராட்சி மன்றத் தலைவர்னு போட்டு அவ பேரைச் சொல்லுங்க. அவ பேரை மட்டும்."

"கேம்ப் ஆக்கள் எல்லாம் வருவினம் அண்ணை."

"சொல்லிட்டேன்மா. இன்னைக்கு மெஸ்ல பஸ் எத்தனை மணிக்குன்னு சொல்லும்போதே சேர்த்துச் சொல்லிட்டேன். தலைவர் நான் இல்லப்பா, எங்க வீட்ல அவங்கதான். நான் கூட இருந்து பார்த்தவன், அவ்வளவுதான்னு."

"என்ன சொன்னவை?"

அண்ணை சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். "ஒருத்தனும் ஒண்ணும் கேக்கல. சரிங்க தலைவரே, பஸ் அஞ்சு மணிக்கா அஞ்சரைக்கான்னு கேட்டானுங்க."

செயலாளரிடம் மறுபடி பேசினேன். அவர் முதலில் தயங்கினார், பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "அம்மா நிஜமாவே தலைவரா இருந்தவங்கதானே?" ஓம் என்றேன். "அப்ப பிரச்னை இல்ல. தலைவர்னே சொல்லுங்க. தலைவின்னு சொல்லிடாதீங்க, பதவிக்கு ஆண் பெண் கிடையாது" என்று அதற்கும் ஒரு விதி சொன்னார். அந்த மனிதரிடம் எதற்கும் ஒரு விதி இருக்கும்.

விழா மாலை நல்ல குளிர். பெண்கள் பட்டுச் சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். கேம்ப் பஸ் வந்து நின்றதும் ஆட்கள் இஸ்திரி போட்ட சட்டையோடு இறங்கிப் பின் வரிசைகளை நிரப்பினார்கள். அக்கா அரக்குப் பட்டில் என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரைக் கூப்பிடப்போகிறேன் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டார் என்று அண்ணை தடுத்துவிட்டார்.

அமைச்சர் வந்தார். மெலிந்த, தலை நரைத்த மனிதர், கையில் ஒரு சால்வையை மடித்து வைத்திருந்தார். சொல்லிக்கொடுத்தபடியே முதலில் மேனாள் அமைச்சர் என்று அழைத்தேன். கைதட்டல் அடங்கியது. அடுத்ததை வாசித்தேன்.

"நம்மோடு பஹ்ரைனில் வாழ்ந்து வரும், ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த மேனாள் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்."

அக்காவின் பெயரைச் சொன்னேன். அக்கா அசையவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போல் பக்கத்தில் பார்த்தார். என் கணவர் அவர் காதில் ஏதோ சொன்னார். பின்னால் கேம்ப் ஆட்கள் விசிலடிக்கத் தொடங்கிவிட்டார்கள். "தலைவரம்மா! தலைவரம்மா!" என்று ஒரே சத்தம். அக்கா எழுந்து பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே அவர்களுக்கு நடுவில் அண்ணை நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். பிறகு அக்கா தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு படியேறினார்.

மேடையில் அமைச்சர் எழுந்து நின்று கை கூப்பினார். "வாங்க தலைவர்" என்றார். "அம்மா" என்று சேர்க்கவில்லை. அக்காவும் கை கூப்பி, "வணக்கம் அமைச்சரே" என்றார். நான் மைக்கோடு பக்கத்திலேயே நின்றதால் இரண்டும் மண்டபம் முழுக்கக் கேட்டது. நான் அடுத்த வரியை மறந்துபோனேன். செயலாளர் ஓரத்தில் நின்று "வரவேற்புரை, வரவேற்புரை" என்று வாயசைத்தார்.

சிறுவர் நடனம் நடந்துகொண்டிருந்த நேரம் முழுக்க அமைச்சரும் அக்காவும் பேசிக்கொண்டே இருந்தார்கள். என்ன பேசினீர்கள் என்று பிறகு கேட்டேன். எந்த யூனியன், எந்தக் கண்மாய், குடிதண்ணீர் எங்கிருந்து வந்தது என்றெல்லாம் அமைச்சர் கேட்டாராம். கடைசியில், "இப்ப ஊர்ல என்னைய யாரும் அமைச்சர்னு கூப்பிடுறதில்ல தலைவரே. ஐயா, பெரியவரேன்னு ஆயிட்டேன். அதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றாராம். "எனக்கும் ஊர்ல அத்தை, சின்னம்மாதான்" என்று அக்கா சொன்னாராம்.

திரும்பி வரும்போது எங்கள் காரில் அண்ணையும் வந்தார். சிக்னலில் நின்றபோது அக்கா முன்பக்கம் குனிந்து, "என்னங்க, பசங்க எல்லாரும் பஸ் ஏறிட்டாகளா?" என்று கேட்டார். அந்தத் "தலைவரே" போய்விட்டதை அண்ணையும் கவனித்திருப்பார். "ஏறிட்டாங்க, ஏறிட்டாங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

இப்போதும் கேம்ப்பில் அண்ணைதான் தலைவர். அதை ஒருவரும் மாற்றவில்லை. ஆனால் ஆட்களுக்குள் தகராறு முற்றினால் போன் அக்காவுக்கு வருகிறது. போன வாரம்கூட அக்கா சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டே ஸ்பீக்கரில் போட்டு ஒரு வழக்கு விசாரித்தார். ஒரே அறையில் இருக்கும் இரண்டு பேருக்கு ஏ.சி.யால் சண்டை. ஒருவனுக்குக் குளிர், இன்னொருவனுக்குப் புழுக்கம். அக்கா இரண்டு பக்கத்தையும் கேட்டார், அவசரப்படவில்லை. கட்டில்களை இடம் மாற்றிப் போடச் சொன்னார், குளிருகிறவனுக்குத் தடித்த போர்வை ஒன்று கடையிலிருந்து தைத்துத் தருவதாகச் சொன்னார்.

"சரிங்க தலைவரே" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

அக்கா போனை வைத்துவிட்டு, அடுப்பில் பருப்பு வெந்துவிட்டதா பார் தங்கச்சி என்றார். நான் மூடியைத் திறந்து பார்த்தேன். இன்னும் கொஞ்சம் வேக வேண்டியிருந்தது.